எப்போதும் நிறைந்தே இருக்கும் தொட்டி: 11 வருட செப்டிக் டேங்க் அனுபவம்

இந்த வீட்டுக்குக் குடிவந்து 11 வருடம் ஆகிறது. முதல் 4 வருடம் செப்டிக் டேங்க் என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் பின்பக்கம் பொத்தாம்பொதுவாகக் கை காட்டியிருப்பேன். கட்டும்போது பார்த்ததோடு சரி. அப்புறம் மூடி கண்ணை உறுத்துகிறது என்று அதன்மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டோம். நான் செய்த முதல் தப்பு அந்த டைல்ஸ்தான்.

ஐந்தாம் வருடம் ஒருநாள் காலை, கீழ்த்தளக் கழிப்பறையில் ஃப்ளஷ் செய்தால் தண்ணீர் விளிம்புவரை ஏறி நின்று, மனசில்லாமல் மெல்ல இறங்கியது. பக்கத்துக் குளியலறைத் தரைத்துளையில் களக் களக்கென்று சத்தம். மூன்றாம் நாள் அதே துளை வழியாகக் கறுப்புத் தண்ணீர் மேலே வந்தது. கசடு எடுக்கும் லாரியைக் கூப்பிட்டோம். டைல்ஸை உடைத்து மூடியைத் திறந்தவர், "ஃபுல்லா நிறைஞ்சு கிடக்கு சார்" என்றார். நானும் எட்டிப் பார்த்தேன், நிறைந்துதான் இருந்தது. உறிஞ்சி எடுத்துப் போனார்கள். பிரச்சினை தீர்ந்தது. சரியாகப் பத்து நாளைக்கு.

பதினோராம் நாள் மறுபடி களக் களக். இந்த முறை வயதான ஒரு பிளம்பர் வந்தார். லாரிக்காரர் சொன்னதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அது எப்பவும் நிறைஞ்சுதான் சார் இருக்கும். எந்த அளவுக்கு நிறைஞ்சிருக்குன்னுதான் பார்க்கணும்" என்றார். இந்த ஒரு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் ஒரு லாரிக் காசு மிச்சம்.

விஷயம் இதுதான். செப்டிக் டேங்க் என்பது கழிவைச் சேர்த்துவைக்கும் பாத்திரம் இல்லை, கழிவைத் தங்கவைத்துப் பிரிக்கும் இடம். கனமானது அடியில் கசடாகப் படிகிறது. எண்ணெய்ப் பிசுக்கும் லேசான பொருள்களும் மேலே ஏடுபோல மிதக்கின்றன. நடுவில் ஓரளவு தெளிந்த தண்ணீர். வீட்டிலிருந்து ஒரு வாளி உள்ளே வந்தால், நடுவிலிருந்து ஒரு வாளி வெளியேறி, தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழிக்குப் போகும். வெளியேறும் குழாயின் வாயில் ஒரு 'டீ', அதாவது ஆங்கில T வடிவக் குழாய்த் துண்டு, மாட்டியிருப்பார்கள். அதன் கீழ்க்கால் தண்ணீருக்குள் நீண்டிருப்பதால் மேலே மிதக்கும் ஏடு வெளியே போகாது. புதிதாகக் கட்டி, தண்ணீர் நிரம்பிய நாளிலிருந்தே தொட்டி அந்த வெளியேறு குழாயின் அடிமட்டம்வரை நிறைந்துதான் நிற்கும்.

அதனால் மூடியைத் திறந்ததும் பார்க்க வேண்டியது அந்த மட்டத்தை. தண்ணீர் வெளியேறு குழாயின் அடிமட்டத்தில் சரியாக நிற்கிறது, ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் தேங்குகிறது என்றால் அடைப்பு வீட்டுக்கும் தொட்டிக்கும் நடுவில். அதைவிட மேலே ஏறி நின்றால் கோளாறு வெளியேறும் பக்கம். கீழே நின்றால் தொட்டி எங்கோ கசிகிறது. எங்கள் தொட்டியில் குழாய்க்கு மேலே ஒரு சாண் தண்ணீர் நின்றது. வெளியேறு டீயைக் கம்பியால் குத்திப் பார்த்தார், அடைப்பு இல்லை. மட்டம் அசையவும் இல்லை. தொட்டியில் குற்றமே கிடையாது, உறிஞ்சுகுழிதான் குடிக்க மறுக்கிறது. லாரி எடுத்துப் போனதால் கிடைத்த பத்து நாள், காலித் தொட்டி மறுபடி நிரம்ப எடுத்த அவகாசம், அவ்வளவுதான்.

குழியைத் திறந்து பார்த்த காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. கல்லெல்லாம் சாம்பல்கலந்த கறுப்பு நிறத்தில், மீன் செதில்போல வழுவழுவென்று ஒரு பூச்சு. பிளம்பர் ஒரு குச்சியால் வழித்து எடுத்தபோது அதில் மயிரிழை மயிரிழையாக நூல். வாஷிங்மெஷினிலிருந்து வரும் துணிப்பஞ்சு. செயற்கை இழை மக்காது. அது கனமும் இல்லை, மிதப்பதும் இல்லை. நடுத்தண்ணீரோடு சேர்ந்து நேராகக் குழிக்கே போய்விடுகிறது. அந்த வழுவழுப்பு, கிருமிகள் மண்ணின்மேல் கட்டிக்கொள்ளும் படலம். கொஞ்சம் இருப்பது இயல்பு, தண்ணீரை வடிகட்டவும் உதவும். அளவு மீறித் தடித்தால் மண்ணின் துளையை மூடிவிடும்.

இன்னொரு குற்றவாளி மேல்மாடி ஃப்ளஷ் டேங்க். அதற்குள் கொஞ்சம் உணவு நிறப்பொடியைக் கரைத்துவிட்டு யாரையும் ஃப்ளஷ் செய்யாமல் இருக்கச் சொன்னார். அரை மணி நேரத்தில் பீங்கானுக்குள் நிறம் இறங்கியிருந்தது. சத்தமே இல்லாத கசிவு. இப்படிக் கசியும் ஒரு ஃப்ளஷ் டேங்க் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான லிட்டரைத் தொட்டிக்குள் தள்ளிவிடும். உறிஞ்சுகுழிக்கு ஓய்வே இல்லை, தொட்டிக்குள்ளும் கசடு படிய நேரமில்லை. தண்ணீர் குறைந்தது ஒரு நாளாவது உள்ளே தங்கினால்தான் பிரிய வேண்டியது பிரியும். மாற்ற வேண்டியிருந்தது ஒரு ரப்பர் வால்வு மட்டும்.

இரண்டாவதாக ஒரு உறிஞ்சுகுழி வெட்டி, நடுவில் ஒரு சேம்பர் கட்டி, தண்ணீரை எந்தக் குழிக்கு வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளும்படி செய்தோம். ஒன்று வேலை செய்யும்போது மற்றொன்று காயும். காய்ந்த குழிக்குள் காற்று போவதால் அந்தப் படலம் தானே சிதைந்துபோகிறது. வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். பழைய குழி இப்போது ஒழுங்காக உறிஞ்சுகிறது. வாஷிங்மெஷின் குழாயில் பஞ்சு பிடிக்க ஒரு வலை மாட்டியிருக்கிறேன். வாரம் ஒருமுறை அதில் சேர்வதைப் பார்த்தால், இதெல்லாம் 5 வருடம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று திக்கென்று இருக்கும். துணியை ஒரே நாளில் ஐந்து முறை போடாமல் வாரம் முழுக்கப் பிரித்துப் போடுவதும் அப்போதிலிருந்துதான்.

ஏழாம் வருடம் மறுபடி கழிப்பறையில் தண்ணீர் தேங்கியது. இந்த முறை பதறவில்லை. மூடியைத் தள்ளிப் பார்த்தேன், மட்டம் சரியாக இருந்தது. அப்படியானால் அடைப்பு வரும் பக்கம். உள்வரும் டீயில் கொக்கியைப் போட்டு இழுத்தால் கயிறுபோல முறுக்கிக்கொண்டு வந்தது குழந்தையைத் துடைக்கும் ஈரத்துடைப்பான் (வெட் வைப்ஸ்). மைத்துனர் குடும்பம் கைக்குழந்தையோடு ஒரு மாதம் தங்கியிருந்தது. "கவர்லயே ஃப்ளஷ் பண்ணலாம்னு போட்டிருக்கு மாமா" என்றாள் அவர் மனைவி. போட்டுத்தான் இருந்தது. அவள்மேல் தப்பில்லை. சந்தேகத்துக்கு ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அதில் ஒன்றைப் போட்டுவைத்தேன். இன்னொரு பாட்டிலில் டாய்லெட் பேப்பர். பேப்பர் நாலு குலுக்கில் கூழாகிவிட்டது. துடைப்பானை ஒரு வாரம் கழித்து எடுத்துப் பிழிந்தேன், இன்னொரு முறை துடைக்கலாம் போல இருந்தது.

நாற்றம் பற்றிக் கேட்பவர்களுக்கு: முதலில் யாரும் பயன்படுத்தாத குளியலறையைப் பாருங்கள். தரைத்துளைக்குக் கீழே வளைவில் நிற்கும் தண்ணீர்தான் வாயுவைத் தடுக்கும் கதவு. நாள்பட்டால் அது காய்ந்துபோகும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. அதற்கும் போகவில்லை என்றால், வாயுவை மேலே வெளியேற்றும் வென்ட் பைப்பைப் பாருங்கள். எங்கள் பைப்பின் உச்சியில் குளவி கூடு கட்டியிருந்தது. அதை எடுத்துவிட்டு வலை கட்டினோம்.

கசடைக் கரைக்கும் என்று விற்கிறார்களே, அந்த பாக்டீரியா பொடியை ஒரு வருடம் தொட்டியில் போட்டுப் பார்த்தேன். என் அளவுகோலில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. வேண்டிய கிருமியெல்லாம் கழிவோடு தினமும் இலவசமாக வந்துகொண்டுதான் இருக்கிறது. பிரான்ஸில் 1881-ல் இந்த மாதிரித் தொட்டிக்குக் காப்புரிமை வாங்கிய லூயி மூரா எந்தப் பொடியும் போடவில்லை. கிருமி கசடைக் குறைக்கும், ஒன்றுமில்லாமல் ஆக்காது. மிச்சத்தை லாரிதான் எடுக்க வேண்டும். கழிப்பறை கழுவும் திரவத்தை அளவாகப் பயன்படுத்தினால் தொட்டி தாங்கிக்கொள்கிறது. பாட்டிலோடு கவிழ்த்தால், மிச்சப் பெயின்ட்டை ஊற்றினால் தாங்காது.

எப்போது லாரியைக் கூப்பிடுவது? என்னிடம் ஒரு நீளக் கம்பு இருக்கிறது. அதன் அடிப்பாதியில் வெள்ளைத் துண்டைச் சுற்றி, தொட்டியின் அடிவரை நேராக விட்டு, இரண்டு மூன்று நிமிடம் வைத்திருந்து, மெதுவாகத் தூக்க வேண்டும். கசடு இருக்கும் உயரம்வரை துண்டில் கறுப்பு ஒட்டியிருக்கும். என் தொட்டியில் தண்ணீர் ஆழம் 120 செ.மீ. கசடும் மேல் ஏடும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கை, அதாவது 40 செ.மீ.யைத் தொட்டால் எடுத்துவிட வேண்டும் என்பது கணக்கு. எங்கள் 5 பேருக்கு நாலு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. உங்கள் வீட்டில் இரண்டு வருடமாகவும் இருக்கலாம். ஆளும் தொட்டி அளவும் பொறுத்தது, அதனால்தான் கம்பு. மழைக்காலத்தில் எடுக்காதீர்கள். நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது காலி செய்தால் பிளாஸ்டிக், ஃபைபர் தொட்டிகள் படகுபோல மேலே கிளம்பிவிடும். எப்போது எடுத்தாலும் உடனே தண்ணீர் நிரப்பிவிடுங்கள்.

கடைசியாக எடுத்தபோது வெளியேறு டீ உடைந்திருந்தது தெரிந்தது. லாரியோடு வந்த இளைஞர் ஒருவர், "நாத்தமே இல்ல சார், இறங்கி மாட்டிட்டு வந்துடறேன்" என்று சட்டையைக் கழற்றினார். பிடித்து நிறுத்தினேன். தொட்டிக்குள் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயுவின் அளவு கூடினால் முதலில் மூக்கைத்தான் மரத்துப்போகச் செய்யும். நாற்றம் தெரியவில்லை என்பது அங்கே நல்ல செய்தி இல்லை. ஒருவர் மயங்கி விழுந்தால் தூக்கப் போகிறவரும் விழுவார். காலித் தொட்டி என்றாலும் இதேதான். அந்த டீயை மேலிருந்தே நீளக் குழாயில் பொருத்தி மாட்ட முக்கால் மணி நேரம் ஆனது. ஆகட்டும்.

இப்போது மூடிமேல் டைல்ஸ் கிடையாது. தரைமட்டத்துக்கு உயர்த்திக் கட்டி, குழந்தைகள் நகர்த்த முடியாத கனத்தில் மூடி போட்டிருக்கிறோம். தொட்டி, குழிகள், சேம்பர் எல்லாம் சுவரிலிருந்து எத்தனை அடி என்று வரைந்த தாள் மெயின் சுவிட்ச் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

போன மாதம் அளந்ததில் ஏடும் சேர்த்து 27 செ.மீ. வந்தது. கசடு பிரச்சினை இல்லை. மூடியின் அடிப்பக்கம்தான் கான்கிரீட் மாவாக உதிர ஆரம்பித்திருக்கிறது. அதே ஹைட்ரஜன் சல்ஃபைடு, மூடியின் ஈரத்தில் வாழும் கிருமிகளால் அமிலமாகி அரிக்கும் வேலை. விரலால் தேய்த்தால் வெள்ளையாகக் கையோடு வருகிறது. லாரிக்காகக் காத்திருக்கப் போவதில்லை, புது மூடிக்குச் சொல்லியாயிற்று. அதுவரை அதன்மேல் யாரும் நடக்காதபடி நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.