ஊட்டி பேக்கேஜில் ‘எக்ஸ்ட்ரா’ கேட்கிறார்களா? பணம் கட்டும் முன் படியுங்கள்

ஊட்டிக்கு பேக்கேஜ் போட்டு வரும் குடும்பங்களிடம் பணம் பறிக்கிற வழி ஒன்றுதான். ஏஜென்டுகள் அறையையும் வண்டியையும் மலிவாகச் சொல்லி முன்பணம் வாங்கிவிடுவார்கள். மலையேறிய பிறகு டாய் டிரெயின், ஜீப் சஃபாரி, ஹீட்டர், கேம்ப் ஃபயர் என ஒவ்வொன்றாகக் காசு கேட்பார்கள். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும்போது யாரும் மறுக்க மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நீலகிரிக்குள் வண்டி நுழைய எடுக்க வேண்டிய இ-பாஸுக்குக் கூடக் கட்டணம் கேட்கிறார்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ள அந்தப் பாஸ் முற்றிலும் இலவசம். அரசுத் தளத்தில் வண்டி எண், ஆள் எண்ணிக்கை, தேதி, தங்குமிடம் கொடுத்தால் போதும். 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பு வந்தது. ‘பாஸ் தீர்ந்துவிடும்’ என்று பயமுறுத்திப் பணம் கேட்பது அதை வைத்துத்தான். தேதி முடிவானதும் நீங்களே எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் வந்தால் பாஸே வேண்டாம்.

அதிகம் ஏமாறுவது ரயிலில். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கி.மீ. செங்குத்தில் சறுக்காமல் ஏற உதவும் பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் மட்டும்தான். படத்தில் பார்த்து ஆசைப்படும் செங்குத்து ஏற்றமும் நீராவி எஞ்சினும் அந்தப் பகுதிக்கு உரியவை. பேக்கேஜில் ‘டாய் டிரெயின் உண்டு’ என்று மட்டும் எழுதிவிட்டு, ஊட்டியிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி இருக்கும் கேத்தி வரை முன்பதிவில்லாப் பெட்டியில் ஏற்றி இறக்கிவிடுகிறார்கள். அந்தச் சீட்டு ஊட்டி நிலையக் கவுன்டரிலேயே மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

எனவே எந்த நிலையத்திலிருந்து எதுவரை, எந்த வகுப்பு என்று எழுத்தில் கேளுங்கள். மேட்டுப்பாளையம் ரயில் காலையில் ஒன்றுதான், இருக்கைகளும் குறைவு. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், அன்றே போடுவது நல்லது. ஏஜென்ட் கொடுத்தால் பி.என்.ஆர். எண்ணை ரயில்வே விசாரணை எண் 139-ல் சரிபார்த்து, சீட்டில் உங்கள் பெயர்தான் இருக்கிறதா என்று பாருங்கள். வேறொருவர் பெயரில் எடுத்த சீட்டில் பயணம் செல்லாது. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து ரயில் ரத்தாவது வழக்கம். ரயில்வே முழுக் கட்டணத்தையும் திருப்பித் தரும். ஏஜென்ட் போட்ட கூடுதல் தொகை திரும்புவதில்லை.

அடுத்தது, முதுமலைக்குப் பக்கத்தில் உள்ள மசினகுடியின் ‘ஜீப் சஃபாரி’. முதுமலைக் காப்பகத்துக்குள் சஃபாரி ஓட்டுவது வனத்துறை வண்டிகள் மட்டுமே, தெப்பக்காட்டிலிருந்து. தனியார் ஜீப் பொதுச் சாலையிலும் பட்டா நிலத்தின் ஓரத்திலும்தான் சுற்றும். சாலையோரத்தில் மான் தெரிந்தால் அதுதான் சஃபாரி! ‘நைட் சஃபாரி’ என்று சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள். இரவில் காட்டுக்குள் போவது சட்டவிரோதம். பிடிபட்டால் வண்டியில் இருக்கும் நீங்களும் மாட்டுவீர்கள். இதில் கிலோமீட்டர் கணக்கும் ஒன்று உண்டு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு நேராக இறங்கும் கல்லட்டி மலைப்பாதை 36 கொண்டை ஊசி வளைவு கொண்டது. வெளியூர் சுற்றுலா வண்டிகளை ஊட்டியிலிருந்து அவ்வழியே இறங்க விடுவதில்லை. கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும், தூரம் இரு மடங்குக்கும் மேல். இது தெரிந்தே கல்லட்டிக் கணக்கில் விலை பேசி, போய் வந்த பிறகு ‘எக்ஸ்ட்ரா கிலோமீட்டர்’ கேட்கிறார்கள்.

ஹீட்டருக்கு மட்டும் கொடுக்கலாம் என்பேன். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் அவசியம். நாள் வாடகையா, மணி வாடகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேம்ப் ஃபயர் பெரும்பாலும் ஒரு கட்டு விறகு, அரை மணி நேரம். மழை வந்தாலும் காசு திரும்பாது. படகு இல்லத்திலும் பூங்காவிலும் சீட்டைக் கவுன்டரில் நீங்களே வாங்குங்கள்.

முன்பணம் அனுப்பும் முன் எதெல்லாம் விலைக்குள், எதெல்லாம் தனி என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். ‘எல்லாம் இன்க்ளூடட்’ என்ற குரல் பதிவு போதாது. ஏற்கெனவே ஏமாந்திருந்தால் அந்த உரையாடலையும் யு.பி.ஐ. ரசீதையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுங்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், அதற்காக மறுபடி மலையேற வேண்டியதில்லை.