ஹார்டா, சாஃப்ட்எஃப்பியா: பில்ட்ரூட்டுடன் நான்கு ஆண்டுகள்

குளிர்பதனக் கிடங்குகளின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் ஒரு கருவிக்காக, பில்ட்ரூட்டைக் (சிறு கருவிகளுக்கான லினக்ஸ் அமைப்பைக் கட்டித் தரும் மென்பொருள்) கொண்டு, கருவியில் ஏற்ற வேண்டிய லினக்ஸ் இமேஜ் தயாரிக்கும் வேலையை நான்கு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் கார்டெக்ஸ்-ஏ8 பிராசசர் கொண்ட பீகிள்போன் பிளாக்கில் ஓடிய அக்கருவி, இப்போது கார்டெக்ஸ்-ஏ7 போர்டில் ஓடுகிறது. மூலநிரலை இயந்திரக் குறிநிரலாக மாற்றும் கம்பைலரின் ஃப்ளோட்டிங் பாயின்ட் (தசம எண் கணக்கு) அமைப்புகளைத் தேர்ந்தெடுப்பதை வேகம் பற்றிய கேள்வியாகவே தொடக்கத்தில் எடுத்துக்கொண்டேன். நாம் கம்பைல் செய்யாத பைனரிகள் (ஓடத் தயாரான நிரல் கோப்புகள்) பற்றிய கேள்வியே அதில் முதன்மையானது என்பது தாமதமாகத்தான் விளங்கியது.

ஆர்ம் 32-பிட் பிராசசர்களுக்கு ஜிசிசி கம்பைலர் மூன்று வழிகளைத் தருகிறது. 'சாஃப்ட்' எல்லாக் கணக்கையும் மென்பொருள் வழியே செய்யும். 'சாஃப்ட்எஃப்பி' கணக்கிடும் வன்பொருளைப் பயன்படுத்தினாலும், ஃபங்ஷன்களுக்கு மதிப்புகளை முழு எண் ரெஜிஸ்டர்களிலேயே (பிராசசருக்குள் உள்ள சிறு நினைவிடங்கள்) அனுப்பும். 'ஹார்ட்' அவற்றை நேரடியாக, ஃப்ளோட்டிங் பாயின்ட் வன்பொருளான விஎஃப்பியின் ரெஜிஸ்டர்களில் அனுப்பும். முதலிரண்டு முறைகளில் கட்டிய குறிநிரல்கள் ஒன்றோடொன்று இணையும், மூன்றாவது முறையில் கட்டியது அவற்றோடு இணையாது. நான் எல்லோரையும் போல 'ஹார்ட்' என்று தேர்ந்தெடுத்தேன். சென்சார் விற்றவர்கள் சோர்ஸ் இல்லாமல் கொடுத்த லைப்ரரியோ பழைய 'சாஃப்ட்' முறையில் கட்டப்பட்டிருந்ததால், நிரலின் பகுதிகளை ஒன்றாக்கும் லிங்கர் அதை இணைக்க மறுத்துவிட்டது. அவர்களின் சோதனை நிரலைத் தனியாக ஓட்டிப் பார்த்தபோது, கண் முன்னே இருக்கும் கோப்பை 'இல்லை' என்றது ஷெல். ஒரு மாலை முழுவதும் பாதையையும் அனுமதிகளையும் திருத்திக்கொண்டிருந்தேன். உண்மையில் இல்லாதது அந்த நிரல் தேடிய டைனமிக் லோடர் (நிரலையும் அதற்கு வேண்டிய லைப்ரரிகளையும் ஏற்றும் கோப்பு): ஹார்ட் முறை இமேஜில் லோடரின் பெயரிலேயே 'ஆர்ம்ஹெச்எஃப்' சேர்ந்திருக்கும், பழைய நிரலோ அந்த ஒட்டு இல்லாத பெயரைத் தேடும். பைனரியின் விவரங்களைக் காட்டும் ரீட்எல்ஃப் கருவியில் ஆர்ம் பண்புகளைப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

வேறு வழியின்றி 'சாஃப்ட்எஃப்பி'க்கு மாறினேன். அமைப்பை மாற்றியபின் பில்ட்ரூட் தானாக எல்லாவற்றையும் மறுபடி கட்டாது. முழுவதையும் அழித்துவிட்டுத் தொடங்க வேண்டும். அப்படி அழிக்கச் சோம்பல்பட்டதில் இன்னொரு நாள் போனது. வேக இழப்பைப் பொறுத்தவரை, சில விநாடிகளுக்கு ஒருமுறை சராசரி கணக்கிடும் எங்கள் கருவியில் அதை உணரவே முடியவில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கும் இதில் பங்கில்லை, ஏனெனில் அது தன் வழக்கமான குறிநிரலில் ஃப்ளோட்டைத் தொடுவதில்லை.

நான் உண்மையில் வருந்துவது வேகத்துக்காகக் கணக்கு விதிகளைத் தளர்த்தும் 'ஃபாஸ்ட்-மேத்' ஃப்ளாக்கை (கம்பைலருக்குத் தரும் விருப்பம்) இமேஜ் முழுமைக்கும் போட்டதற்குத்தான். சென்சார் கம்பி கழன்றால் எங்கள் நிரல் வெப்பநிலைக்கு 'நேன்' ('எண் அல்ல' என்று பொருள்படும்) மதிப்பைக் கொடுத்து, அடுத்த வரியில் அதைச் சோதித்து எச்சரிக்கை எழுப்பும். 'நேன்' வரவே வராது என்று கருதிக்கொள்ள அந்த ஃப்ளாக் கம்பைலருக்கு அனுமதி தருவதால், அந்தச் சோதனை பைனரியிலிருந்து சத்தமின்றி நீக்கப்பட்டிருந்தது. அதற்கடுத்து வரும் 'வரம்பை மீறியதா' என்ற ஒப்பீட்டிலும் 'நேன்' எப்போதும் 'இல்லை' என்றே பதில் தரும் என்பதால், கம்பி கழன்ற கருவி அலாரம் அடிக்காமல் அமைதியாக இருந்தது. நல்லவேளையாக எங்கள் மேசையில் வைத்துச் சோதித்தபோதே இது அகப்பட்டது. இப்போது அந்த ஃப்ளாக்கை எந்தக் கோப்பிலும் அனுமதிப்பதில்லை.

ஏ7 போர்டுக்கு மாறும் வேளையில் விற்பனையாளரிடமிருந்து புதிய லைப்ரரி வந்துவிட்டதால் 'ஹார்ட்' முறைக்கே திரும்பினோம். அப்போது ஒப்பீட்டுச் சோதனைகள் சில கடைசி இலக்கத்தில் மாறுபட்டுத் தோற்றன. ஏ7 போல விஎஃப்பியின் நான்காம் பதிப்பான விஎஃப்பிவி4 உள்ள பிராசசரில் ஜிசிசி, பெருக்கலையும் கூட்டலையும் இயல்பாகவே ஒரே கட்டளையாக இணைத்து, இடையில் ரவுண்டிங் (இலக்கங்களைச் சுருக்குதல்) செய்யாமல் கணக்கிடுகிறது. ஏ8-இல் அக்கட்டளை இல்லை. புதிய விடையே கூடுதல் துல்லியமானது என்றாலும், பழைய கருவிகளின் பதிவுகளோடு ஒப்பிட வேண்டியிருப்பதால், இப்படி இணைப்பதைக் கட்டுப்படுத்தும் 'எஃப்பி-கான்ட்ராக்ட்' அமைப்பை எங்கள் கணக்கீட்டு லைப்ரரிக்கு மட்டும் 'ஆஃப்' என்று வைத்திருக்கிறேன். பழைய கருவிகள் களத்தில் இருக்கும்வரை அதை மாற்றும் எண்ணமில்லை.