ஃபியூச்சர்ஸ் சந்தை சீட்: வாங்குவதா, குத்தகைக்கு எடுப்பதா?

ஃபியூச்சர்ஸ் என்பது ஒரு பொருளைப் பின்னொரு தேதியில் இன்றே பேசிய விலைக்கு வாங்கவோ விற்கவோ செய்யும் ஒப்பந்தம். சிகாகோவின் சிஎம்இ குழுமச் சந்தைகளில் ஒரு லாட்டை, அதாவது ஓர் ஒப்பந்தத்தை, வாங்கும்போது ஒரு கட்டணம், விற்கும்போது இன்னொரு கட்டணம்; வாங்குவது ஒரு பக்கம், விற்பது ஒரு பக்கம். சீட், அதாவது சந்தையின் உறுப்பினர் உரிமை, வைத்திருக்கும் உறுப்பினருக்கு இது வெகுவாகக் குறையும். வணிகர்கள் நேரில் கூடி விலை கூவிய ஃபியூச்சர்ஸ் கூச்சல் தளங்களில் பெரும்பாலானவை 2015 ஜூலையில் மூடப்பட்டன. அதன் பிறகு தனிநபர் சீட் தேடுவது முக்கியமாக இந்தக் கட்டணக் குறைப்புக்காகத்தான். எனவே கணக்கை ஒரு பக்கக் கட்டணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கும் முன்னால், எந்த சீட் என்று தெரிய வேண்டும். சிஎம்இ, சிபிஓடி, நைமெக்ஸ், காமெக்ஸ் ஆகிய நான்கு சந்தைகளும் ஒரே குழுமம் என்றாலும் சீட்கள் தனித்தனி. சிஎம்இக்குள்ளேயே நான்கு பிரிவுகள்: முழு உறுப்பினர் சீட்கள் 625, ஐஎம்எம் 813, ஐஓஎம் 1,287, ஜெம் 413. இ-மினி எஸ் அண்ட் பி என்ற பங்குக் குறியீட்டு ஒப்பந்தம் மட்டும் வணிகம் செய்பவருக்கு ஐஓஎம் போதும். நாணயமும் வட்டி விகிதமும் வேண்டுமென்றால் ஐஎம்எம். கால்நடை ஒப்பந்தங்களுக்கு முழு சீட். சோளம், அமெரிக்க அரசுப் பத்திரம் சிபிஓடியிலும், கச்சா எண்ணெய் நைமெக்ஸிலும், தங்கம் காமெக்ஸிலும் இருக்கின்றன. ஐஓஎம் சீட்டை வைத்துக்கொண்டு கச்சா எண்ணெய் வணிகம் செய்தால் ஒரு சென்ட்கூட மிச்சமாகாது. பணம் வீணாவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

இனி கணக்கு. கீழே வரும் தொகைகள் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. நடப்பு விலையையும் கட்டணப் பட்டியலையும் குழுமத்தின் தளத்தில் பார்த்து அவற்றை மாற்றிப் போடவும்.

குத்தகை மாதம் 800 டாலர், குத்தகைதாரருக்குப் பக்கத்துக்கு 80 சென்ட் மிச்சம் என்போம். 800ஐ 0.80ஆல் வகுத்தால் 1,000 பக்கம், அதாவது வாங்கி விற்பது சேர்ந்த 500 முழுச் சுற்று. 21 வணிக நாள் கொண்ட மாதத்தில் நாளுக்கு 24 சுற்று. இதற்குக் கீழே இருப்பவருக்கு குத்தகையே கட்டாது. சீட் வாங்கும் பேச்சை எடுக்கவே வேண்டாம். நல்ல மாதத்தைச் சராசரியாக எடுக்காமல், கடந்த 12 மாதங்களில் மந்தமான மூன்றை எடுத்துப் பார்ப்பது நல்லது. சந்தை தூங்கினாலும் குத்தகை தூங்காது.

சொந்தக்காரருக்கு ஒரு கூடுதல் அனுகூலம் உண்டு: அவருக்கான கட்டணம் குத்தகைதாரருக்கானதைவிடக் குறைவு. வித்தியாசம் 15 சென்ட் என்று வைத்தால், மாதம் 3,000 பக்கம் செய்பவருக்கு வருடத்தில் 5,400 டாலர். சீட் 2 லட்சம் டாலர், அந்தப் பணம் வேறிடத்தில் 5 சதவீதம் தரும் என்றால், முடங்கும் முதலின் செலவு 10,000. மிச்சமாகும் குத்தகை 9,600. கூட்டிக் கழித்தால் வாங்கியவர் வருடத்துக்கு 5,000 டாலர் முன்னால் நிற்கிறார். அது சீட் விலையில் 2.5 சதவீதம். அந்த அளவுக்கு விலை சரிந்தால் அனுகூலம் மொத்தமும் போய்விடும்.

சரிவு எங்கிருந்து வரும்? சீட்டின் மதிப்பு, உறுப்பினர் கட்டணத்துக்கும் மற்றவர் கட்டணத்துக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. அந்த இடைவெளியைத் தீர்மானிப்பது சந்தை நிர்வாகம். 2000இல் சிஎம்இ பங்கு நிறுவனமாக மாறியபோது பெரும் மதிப்பு பங்குகளுக்குப் போனது; சீட்டோடு தங்கியது வணிக உரிமைதான். சிஎம்இயின் மின்னணு வணிகம் நடக்கும் ஆரோரா தரவு மையம் வந்த பிறகு தங்கள் உரிமையின் மதிப்பு கரைந்துவிட்டதாகக் கூறி 2014இல் உரிமையாளர்கள் வழக்கே தொடுத்தார்கள். வழக்கின் நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். வாங்குபவர் எந்த ஆபத்தை ஏற்கிறார் என்பதை அது காட்டுகிறது. குத்தகைதாரருக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் புதுப்பிக்கும்போது வாடகை ஏறலாம், உரிமையாளர் சீட்டையே விற்றுவிடலாம்.

காகித வேலை இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்: விண்ணப்பமும் கட்டணமும், பின்னணிச் சரிபார்ப்பு, வணிகங்களின் கணக்கைத் தீர்த்துவைக்கும் ஒரு கிளியரிங் நிறுவனத்தின் உத்தரவாதம். அந்த நிறுவனம் சம்மதிக்கும் முன் விலைபேச வேண்டாம். விற்கும்போது, சந்தைக்கும் கிளியரிங் நிறுவனத்துக்கும் உள்ள பாக்கி சீட் விற்ற தொகையிலிருந்து கழியும். கேட்ட நாளில் கைக்கு வரும் பணமாக அதை எண்ணக் கூடாது.

பெரும்பாலோர் தடுக்குவது கணக்கின் பெயரில். தனிநபர் உறுப்பினர் கட்டணம் உறுப்பினரின் சொந்தக் கணக்குக்குத்தான். வணிகம் நிறுவனத்தின் பெயரில் நடந்தால் விதி வேறு, தேவையும் வேறு. முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அனுமதி கிடைத்த அன்றே கிளியரிங் நிறுவனம் கணக்கில் உறுப்பினர் குறியீட்டைப் பதிந்ததா என்று பாருங்கள். முதல் வாரத்து அறிக்கையில் ஒவ்வொரு ஒப்பந்தத்தின் கட்டணத்தையும் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

எங்கள் தேர்வு: முதல் வருடம் குத்தகை. மந்த மாதங்களிலும் கணக்கு கட்டி, வேறு பிரிவுக்கு மாறும் எண்ணமும் இல்லையென்றால் வாங்கலாம். அதுவும் விலை கால்வாசி விழுந்தாலும் வணிக முதல் பாதிக்கப்படாத நிலையில் மட்டும். வணிகத்தை நிறுத்திவைக்கும் மாதங்களில் சொந்த சீட்டைக் குத்தகைக்கு விடலாம். ஆனால் விட்ட காலத்தில் அந்த சீட்டின் வணிக உரிமை எடுத்தவரிடம் இருக்கும்.