சீனத் தூரிகை எழுத்துப் பெட்டி: தூரிகை நன்று, தாள்தான் காலை வாரும்

பினாங்கு ஜார்ஜ்டவுன் எழுதுபொருள் கடையில் 35 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய பெட்டி. உள்ளே இரண்டு தூரிகை, ஒரு போத்தல் மை, மைக்கல் (மை உரைக்கும் கல்), ஒரு கட்டு சுவான் தாள் (தூரிகை எழுத்துக்கான சீனத் தாள்), ஒரு மாதிரிப் புத்தகம்.

பெரிய தூரிகைக்கே கொடுத்த காசு தகும். நடுவில் விறைப்பான முடி, சுற்றிலும் ஆட்டுமுடி. அழுத்தினால் விரிகிறது, தூக்கினால் மறுபடி கூராகிறது. சின்னது 'ஓநாய் முடி' என்று பெயர் பெற்றாலும், உண்மையில் கீரி போன்ற ஒரு பிராணியின் வால்முடி. புதுத் தூரிகையின் முனை பசையில் இறுகியிருக்கும். விரலால் நெரிக்காதீர்கள், வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் ஊறினால் தானே பிரியும். சுடுநீர் பட்டால் அடிப்பசை இளகி முடி கொட்டும். எழுதி முடித்ததும் முடியின் அடிவரை கழுவி, முனை கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். அடியில் மை காய்ந்துவிட்டால் முனை பிளந்துபோகும். கூட வரும் பிளாஸ்டிக் மூடியை எறிந்துவிடலாம். பினாங்கின் ஈரக்காற்றில் ஈரத் தூரிகையை மூடி வைத்தால் பூஞ்சைதான்.

தாள் பதப்படுத்தாத சுவான். தேர்ந்த கைக்கு அருமையானது. பழகும் கைக்குத் தண்டனை. கை தயங்கும் இடமெல்லாம் மை ஊறிப் பரவும். கட்டம் போட்ட மூங்கில் தாளைத் தனியாக வாங்கிப் பழகுங்கள். போத்தல் மை கெட்டி. தூரிகை இழுபட்டால் ஓரிரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், அதற்கு மேல் போனால் ஊறும். மிஞ்சியதைப் போத்தலில் திருப்பி ஊற்றினால் மை கெட்டு நாறும். மைக்கல் மிகச் சிறியது, பீங்கான் தட்டே போதும்.

மாதிரிப் புத்தகத்தில் இருப்பது ஓயாங் சுன் என்ற சீன எழுத்துக் கலைஞர் 632இல் எழுதிக் கல்லில் வெட்டப்பட்ட எழுத்து. கறுப்பில் வெள்ளையாகத் தெரிவது அச்சுப்பிழை அல்ல. நம் கோயில் கல்வெட்டுகளுக்கு எடுக்கிறார்களே, அதே மைப்படி: ஈரத்தாளைக் கல்லில் ஒற்றித் தட்டி, மேலே மை ஒத்தினால், வெட்டிய பள்ளம் வெள்ளையாக நிற்கும். எழுத்தின் கட்டமைப்பைக் கற்க இதைவிட நல்ல ஆசான் அரிது. ஆனால் அதில் உளியின் விளிம்பும் கலந்திருக்கிறது. அந்தக் கூர்மூலைகளைத் தூரிகையால் தீட்டித் தீட்டி வரைவதுதான் பலரும் செய்யும் தவறு. மூலை, அழுத்தித் திருப்பும் ஒரே அசைவில் வர வேண்டும்.

அந்த அசைவைப் புத்தகம் காட்டாது. சீனப் பெருநாளுக்கு முன் சிவப்புத் தாளில் ஈரடி எழுதித் தருபவர்கள் அருகே நின்று, விரலை விட்டு மணிக்கட்டையும் முழங்கையையும் பாருங்கள். 1906இல் கட்டி முடித்த கூ கொங்சி என்ற சீனக் குல மாளிகைக்கும் ஒரு நடை போகலாம். அங்குள்ள பழைய பெயர்ப்பலகைகளை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். தூண் ஈரடிகளிலும் முதல் அடி வலப்பக்கத் தூணில்.