டெட் உரைகள்: ஒரு கணக்கு ஆசிரியையின் மதிப்புரை

தொடக்கப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். மறுநாள் வகுப்புக்கு ஏதாவது கிடைக்குமா என்ற நினைப்போடுதான் பல துறையினர் மேடையேறிப் பேசும் டெட் (TED) உரைகளைக் கேட்க உட்காருவேன். அந்தக் கண்ணோடு எழுதும் மதிப்புரை இது.

1984-இல் மாநாடாகத் தொடங்கிய டெட், 2006-இல் தன் உரைகளை இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. ஓர் உரைக்கு 18 நிமிடம்தான் என்பது அந்த மேடையின் புகழ்பெற்ற வரம்பு. அந்த நேரத்துக்குள் ஒரு மனிதர் தன் அனுபவத்தைச் சொன்னால் நெஞ்சில் நிற்கிறது. ஓர் ஆய்வை நிறுவ முயன்றால் பெரும்பாலும் இடம் போதுவதில்லை. ஆண்டுக்கணக்கில் கேட்ட பிறகு என் தீர்ப்பு இதுதான்.

எர்னெஸ்டோ சிரொல்லியின் உரையை எடுத்துக்கொள்வோம். இளைஞராக இருந்தபோது இத்தாலியத் தொண்டு நிறுவனம் ஒன்றின் சார்பில் ஜாம்பியா நாட்டுக்குப் போகிறார். ஜாம்பேசி ஆற்றை ஒட்டிய வளமான மண்ணில் தக்காளி பயிரிட ஊராருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். செடிகள் அமோகமாகக் காய்க்கின்றன. பழுக்கும் வேளையில் ஆற்றிலிருந்து நீர்யானைகள் கூட்டமாக வந்து அத்தனையையும் தின்றுவிட்டுப் போகின்றன. இதனால்தான் நாங்கள் இங்கே விவசாயம் செய்வதில்லை என்கிறார்கள் ஊரார். முன்பே ஏன் சொல்லவில்லை என்றால், நீங்கள் கேட்கவே இல்லையே என்கிறார்கள்.

இந்த உரையைக் கேட்ட பிறகு, புதிய பாடம் எதையும் கேள்வி கேட்காமல் நான் தொடங்குவதில்லை. பின்னம் நடத்த வேண்டிய நாளில், கரும்பலகையில் ¼, ⅛ இரண்டையும் எழுதி எது பெரியது என்று கேட்டேன். முன்வரிசைச் சிறுமி எழுந்து, “எட்டில் ஒன்றுதான் டீச்சர். நாலைவிட எட்டு பெரியது இல்லையா?” என்றாள். பாதி வகுப்பு தலையாட்டியது. நான் தயாரித்து வந்த கணக்குகளை ஓரம் வைத்துவிட்டு, ஆளுக்கொரு தாளைக் கொடுத்து மடிக்கச் சொன்னேன். மூன்றாவது மடிப்பைப் பிரித்துப் பார்த்ததும், “ஐயோ, சின்னதாகிவிட்டதே!” என்று அவளே சொன்னாள். கேட்டிருக்காவிட்டால் அந்த எண்ணம் அவள் மனதுக்குள்ளேயே இருந்திருக்கும். நானும் அதன் மேலேயே பாடத்தைக் கட்டியிருப்பேன்.

மூளை ஆராய்ச்சியாளர் ஜில் போல்ட் டெய்லரின் 2008 உரையைப் பலரும் அதன் உருக்கத்துக்காகப் பாராட்டுகிறார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது வேறோர் இடம். 1996-இல் தனக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்ட காலையில், உதவிக்குத் தொலைபேசியில் அழைக்க முயல்கிறார். எண்கள் அவருக்கு எண்களாகவே தெரியவில்லை. தொலைபேசி எண் அச்சிட்ட அட்டையில் உள்ள கோடுகளின் வடிவத்தைத் தொலைபேசிப் பொத்தான்களில் உள்ள வடிவத்தோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து அழுத்துகிறார். முதல் வகுப்புக் குழந்தைக்கு 6, 9 இரண்டும் இப்படித்தான் தெரியும் என்று அந்த நொடியில் புரிந்தது. மாற்றி எழுதும் பிள்ளையிடம் என் குரல் தணிந்ததற்கு இந்த அம்மையாருக்கு நன்றி சொல்வேன்.

மறுபக்கமும் உண்டு. நிமிர்ந்து, உடலை விரித்து இரண்டு நிமிடம் நின்றால் ஹார்மோன் அளவே மாறும் என்று சமூக உளவியலாளர் ஏமி கடி 2012-இல் பேசிய உரை கோடிக்கணக்கில் பார்க்கப்பட்டது. அதற்கு அடிப்படையான 2010 ஆய்வில் பங்கேற்றவர்கள் 42 பேர்தான். 2015-இல் வேறு ஆய்வாளர்கள் சுமார் 200 பேரைக் கொண்டு செய்து பார்த்தபோது ஹார்மோன் மாற்றம் தென்படவில்லை. தெம்பாக உணர்ந்ததாகப் பங்கேற்றவர்கள் சொன்னது மட்டும் மிஞ்சியது. முதலில் வந்த 2010 ஆய்வின் முதன்மை ஆசிரியர் டானா கார்னியே 2016-இல், இந்த விளைவு உண்மையென்று தான் நம்பவில்லை என்று எழுதினார். இந்த விவாதத்தைப் பற்றிய குறிப்பை டெட் தன் பக்கத்தில் சேர்த்திருப்பது நேர்மையான செயல். ஆனால் துண்டு துண்டாக வெட்டிப் பகிரப்படும் காணொளிகளோடு அந்தக் குறிப்பு பயணம் செய்வதில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லும் முன் ஆசிரியர்கள் மூலப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கெஞ்சியே கேட்கிறேன்.

தளத்தில் எனக்கு மிகவும் பயன்படுவது உரையின் எழுத்து வடிவம். வேண்டிய வாக்கியத்தைத் தொட்டால் காணொளி அந்த இடத்துக்கே போய்விடுகிறது. 2009-இல் தொடங்கிய மொழிபெயர்ப்புத் திட்டத்தின் வழியே தன்னார்வலர்கள் தமிழிலும் வசனவரிகள் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தைப் பார்க்க எண்ணிக்கை மிகக் குறைவு. இரு மொழியும் கைவரப்பெற்ற ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் ஆளுக்கோர் உரையை எடுத்துக்கொள்ளலாம். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு, சிரொல்லியின் தக்காளித் தோட்டத்தைத்தான் சொல்வேன்.