டெல்டாவா, அமெரிக்கனா? யூனியன் இல்லாத சம்பளமும் யூனியன் சம்பளமும்

அமெரிக்காவில் விமான ஊழியர்களுக்கு யூனியன் தேவையா என்ற பேச்சு வந்தாலே, யூனியன் இல்லாமலும் நல்ல சம்பளம் கிடைக்கும் என்பதற்கு டெல்டா விமான நிறுவனத்தைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அங்கே விமானிகளுக்கு யூனியன் உண்டு. கேபின் பணியாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் கிடையாது. அமெரிக்கன், சவுத்வெஸ்ட் ஆகிய விமான நிறுவனங்கள் இரண்டிலும் இவர்கள் எல்லோருக்குமே உண்டு. கேபின் பணியாளர்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

கதவு மூடிய பிறகுதான் மணிக்கணக்குச் சம்பளம் ஓட ஆரம்பிக்கும் என்பது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். பயணிகள் ஏறும்போது பெட்டியை மேலே தூக்கி வைப்பது, இருக்கைத் தகராறைத் தீர்ப்பது எதற்கும் காசு இல்லை. அந்த நேரத்துக்குப் பாதிச் சம்பளம் என்று 2022 ஜூனில் தொடங்கிவைத்தது டெல்டா. பெரிய நிறுவனங்களில் அதுவே முதல். லாபப் பங்கும் அங்கே தாராளம். 2024ஆம் ஆண்டுக்காக 140 கோடி டாலர் பிரித்துக் கொடுத்தார்கள்.

அமெரிக்கனில் பழைய ஒப்பந்தம் 2019லேயே திருத்தத்துக்கு வந்துவிட்டது. புதியது கையெழுத்தானது 2024 செப்டம்பரில். விமான ஊழியர்களுக்கும் பொருந்தும் ரயில்வே தொழிலாளர் சட்டப்படி, பேச்சுவார்த்தை முடியும்வரை பழைய சம்பள விகிதம்தான். அரசின் மத்தியஸ்த வாரியம் பேச்சுவார்த்தையிலிருந்து விடுவிக்காமல் வேலைநிறுத்தமும் செய்ய முடியாது. விலைவாசி ஏறிய அந்த ஆண்டுகளைப் பழைய சம்பளத்திலேயே ஓட்டியவர்களுக்கு அது பெரிய அடி. கடைசியில் உடனடியாக 20.5% வரை உயர்வு, பாக்கித் தொகை, ஏறும் நேரத்துக்கும் சம்பளம் எல்லாம் வந்தன. சவுத்வெஸ்டில் அதே ஆண்டு எடுத்த எடுப்பில் 22.28%.

அப்படியானால் டெல்டாவே மேல் என்று சொல்லிவிடலாமா? எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏறும் நேரச் சம்பளம் அறிவிக்கப்பட்டபோது, டெல்டாவில் யூனியன் அமைக்க ஊழியர்களிடம் கையெழுத்து அட்டை வாங்கிக்கொண்டிருந்தார்கள். மற்ற நிறுவனங்களின் ஒப்பந்தங்களும் உள்ளே நடந்த இந்த முயற்சியும் கொடுத்த அழுத்தத்தைக் கழித்துவிட்டு டெல்டாவின் தாராளத்தை அளக்க முடியாது.

இன்னொன்று, கொடுத்ததை மாற்றும் அதிகாரம் யாரிடம் என்பது. 2015ல் லாபப் பங்குக் கணக்கைக் குறைக்க நிர்வாகம் முனைந்தது. அதை உள்ளடக்கிய ஒப்பந்தத்தை விமானிகள் வாக்களித்துத் தள்ளினார்கள். கேபின் பணியாளர்களிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. 14.5% சம்பள உயர்வைக் கொடுத்து, லாபப் பங்குக் கணக்கை நிர்வாகமே மாற்றியது.