பிள்ளையின் ஆங்கிலத்துக்குப் பட்டன் போனா, ஸ்மார்ட்போனா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பென்னாகரம், அஞ்செட்டி மலைப்பக்கம் பலரும் கேட்கும் கேள்வி இது.

விலை: மெமரி கார்டு போடுகிற பட்டன் போன் மலிவு. ஸ்மார்ட்போன் பல மடங்கு, அப்புறம் மாதாமாதம் டேட்டா வேறு.

உழைப்பு: பட்டன் போன் கீழே விழுந்தாலும் தாங்கும், சார்ஜும் நாள்கணக்கில் நிற்கும். தொடுதிரை உடைந்தால் பல நாள் கூலி போச்சு.

வசதி: ஸ்மார்ட்போனில் பாடப்புத்தகத்தின் கியூஆர் கோடை அரசின் திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் வீடியோ வரும், எழுத்தும் ஒலியும் சேர்ந்தே கிடைக்கும், ஆனால் அந்தப் போன் அப்பாவோடு பெங்களூரு கட்டட வேலைக்குப் போய்விடுகிறதே! பட்டன் போனில் ஆசிரியர் ஒலிப்பாடத்தை ஏற்றிக் கொடுத்தால் சிக்னல் இல்லாத மலையிலும் ஓடும், ஆடு மேய்த்துக்கொண்டே கேட்டுத் திருப்பிச் சொல்லலாம்.

பேச்சுக்கும் உச்சரிப்புக்கும் பட்டன் போனே போதும். வாசிக்க, எழுத ஸ்மார்ட்போன்தான் சரி, அதுவும் சாயங்காலம் ஒரு மணி நேரமாவது பிள்ளை கையில் இருந்தால்.